ஆறாம் வகுப்புக்கும் காலை உணவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நானும் என் கணவரும் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். காலையில் தண்ணீர் பிடித்து, மதியத்துக்குச் சோறு கட்டி, பிள்ளைகளுக்குத் தலைசீவி விட்டு, எட்டு மணிக்குள் கம்பெனி வண்டியைப் பிடித்தாக வேண்டும், இதில் டிபன் செய்ய நேரமே கிடைப்பதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய உதவி, அதை மனதாரச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு படிக்கும் சின்னவள் பள்ளியிலேயே சூடாக உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிடுகிறாள். பெரியவன் இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. அவனுக்குக் கிடையாது, திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பாதி நாள் டீயும் வர்க்கியும்தான், முதல் இரண்டு பீரியடிலேயே தலை சுற்றுகிறது என்கிறான். வளரும் வயசில் பசி கூடத்தானே செய்யும்? மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை இருக்கிறது, அப்புறம் காலை உணவு மட்டும் ஏன் ஐந்தோடு நிற்க வேண்டும்? செலவு கூடும், தெரியும். முதலில் எட்டாம் வகுப்பு வரையாவது, அதிலும் ஒரே வளாகத்தில் ஏற்கெனவே சமையல் நடக்கிற நடுநிலைப் பள்ளிகளிலிருந்தாவது அரசு தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், திருப்பூர்