மாமியார் வீட்டுச் சாமான்கள்

பாளையங்கோட்டை
மார்கழி 5

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் கிடைத்தது. தொலைபேசியில் அவ்வளவு நேரம் பேசிவிட்டு, அதற்குப் பிறகும் நாலு பக்கம் எழுத உன்னால்தான் முடியும். இங்கே எல்லோரும் சுகம். பனியில் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. பெரியவன் பொங்கலுக்கு வருகிறேன் என்கிறான். லீவு கிடைத்த பிறகுதான் நம்புவேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இத்தனை வருடக் குடித்தனத்தை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குள் அடைக்க வேண்டும், மறைந்த மாமியாரின் சாமான்களை என்ன செய்வதென்று தெரியவில்லை, போகிக்குள் எல்லாவற்றையும் ஏதாவது ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் மொத்தமாக இறக்கிவிடலாம் என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறார், இல்லையா? கொளுத்தலாம் என்று சொல்லாதவரை சந்தோஷம். 2018 போகியன்று உங்கள் சென்னை விமான நிலையத்தில் புகை மூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் போனது உனக்கே தெரியும். ஆனால் ‘மொத்தமாக இறக்கிவிடுவது’ எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு, 2005 ஜனவரியில், எங்கள் ஆசிரியர்கள் சிலரோடு நாகப்பட்டினம் பக்கம் போயிருந்தேன். வழியெல்லாம் சாலையோரத்தில் துணிக் குவியல். நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாக வந்தவை. கிழிந்த ரவிக்கை, ஜிப் போன கால்சட்டை, அந்த வெயிலூரில் கம்பளிச் சட்டை. மீனவப் பெண்கள் அதைத் தொடக்கூட இல்லை. வீடும் வலையும் போனவர்கள்தான், ஆனால் நேற்றுவரை உழைத்துச் சொந்தக் காசில் உடுத்தியவர்கள். எங்களோடு வந்த ஒருவர், “இல்லாதவர்களுக்கு இவ்வளவு வீம்பா?” என்றார். எனக்கு வந்த கோபத்தில் திரும்பி வருகிற வரை அவரோடு பேசவில்லை.

அந்தத் துணிமலையைப் பிரித்தெடுக்கும் வேலையில் பின்னால் இறங்கியவர்கள் ‘கூஞ்ச்’ அமைப்பினர். டெல்லியில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கியது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் செய்கிற வேலையில் எனக்குப் பிடித்தது, பழந்துணியைச் சும்மா தூக்கிக் கொடுக்காததுதான். கிராமத்து மக்கள் கூடித் தங்கள் ஊருக்கு வேண்டிய கிணற்றையோ பாதையையோ சீர்செய்கிறார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணியும் சாமானும் வாங்கிக்கொள்கிறார்கள். உடுத்த லாயக்கில்லாத நூல் துணியைக்கூட விடுவதில்லை. துவைத்து, வெட்டி, மாதவிடாய்க்கான துணியாக்குகிறார்கள். சென்னையிலும் அவர்கள் துணி வாங்கிக்கொள்கிறார்கள். மாமியாரின் நூல் புடவைகளை நீ அங்கே கொடுக்கலாம். துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடு. பாலியஸ்டர் புடவைகளில் நன்றாக இருப்பவற்றை மட்டும் தனியாகக் கட்டு. ஜரிகை போட்ட பட்டுகளை விற்றுவிடு, வெள்ளிக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விற்பதில் ஒரு பாவமும் இல்லை. எல்லாவற்றையும் தானம் செய்தால்தான் புண்ணியம் என்று யார் சொன்னது?

பிரிப்பது, துவைப்பது, பொத்தான் தைப்பது எல்லாம் கொடுக்கிறவள் வேலை என்பதே என் கட்சி. நாம் செய்யாமல் விட்டால் அந்த வேலை வாங்குகிறவர் தலையில் விழுகிறது. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் செல்லத்தாய்க்கு எதிர்வீட்டில் ஒரு மிக்ஸி கொடுத்தார்கள். ஜாரில் பிளேடு சுற்றாது. வேண்டாமென்றால் அடுத்த மாதம் அந்த வீட்டில் வேலை இருக்குமோ இருக்காதோ, வாங்கிக்கொண்டாள். ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு காயலான் கடையில் போட்டபோது ஆட்டோக் காசுகூடத் தேறவில்லையாம். எதிர்வீட்டம்மாள் இன்றும் அந்த மிக்ஸியைச் சொல்லிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இதற்காகவே எனக்கு எங்கள் ஊர் அன்புச் சுவர் பிடிக்கும். 2017இல் சந்தீப் நந்தூரி கலெக்டராக இருந்தபோது திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் தொடங்கினார். ஈரானில் மஷ்ஹத் நகரத்துச் சுவர் ஒன்றில் 2015 குளிர்காலத்தில் யாரோ ஆணி அடித்துக் கோட்டு மாட்டப் போய்ப் பரவிய யோசனை இது. வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் யார், எடுத்தவர் யார் என்று இருவருக்குமே தெரியாது. நன்றி சொல்லி நிற்க வேண்டியதில்லை. நான் பார்த்தவரை, கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்தில்தான் இப்படிப்பட்டவை நிலைக்கின்றன. இல்லாவிட்டால் ஒரு மழைக்கு அப்புறம் குப்பைத்தொட்டி. பெசன்ட் நகரில் ‘அய்யமிட்டு உண்’ என்று பொதுக் குளிர்சாதனப் பெட்டி வைத்தார்களே, அதன் பக்கத்திலும் துணி, புத்தகங்களுக்கு அலமாரி உண்டு. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு எழுது.

இனி மற்றச் சாமான்கள். முதலில் மாமியாரின் வாக்கர், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, தண்ணீர் மெத்தை. இவற்றை நினைவு என்று பரணில் ஏற்றிவிடாதே, விசாலம். இன்றைக்கே யாரோ ஒரு வீட்டில் இடுப்பெலும்பு முறிந்த பாட்டி ஒருத்தி கிடக்கிறாள். கடையில் இவற்றின் விலையைக் கேட்டுவிட்டு மகன் பேசாமல் திரும்புகிறான். ஃபிளாட் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் போட்டாலே மாலைக்குள் ஆள் வந்துவிடும். முதியோர் இல்லத்துக்கென்றால் முன்பே பேசி, என்ன தேவை என்று கேட்டுக்கொள். டெட்டால் போட்டுத் துடை, திருகாணிகளை இறுக்கு, ரப்பர் குமிழ் தேய்ந்திருந்தால் புதிது போடு. வழுக்கினால் இன்னொரு எலும்பு முறியும். அவர் படுத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் யாருக்கும் கொடுக்காதே.

மாமனார் பைண்டு செய்து வைத்திருக்கும் தொடர்கதைகள் விஷயத்தில் அவசரப்பட்டால் உன்னை மன்னிக்க மாட்டேன். ஓவியத்தோடும் விளம்பரத்தோடும் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்தவை. அச்சான புத்தகத்தில் அந்த விளம்பரங்கள் ஏது? தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் வீசியெறிந்ததையெல்லாம் சேர்த்து வைத்தவர். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, இங்கேயே இருக்கும்படி செய்தது. ஆசிரியர், ஆண்டு போட்டு ஒரு பட்டியல் எழுதி முதலில் அவர்களைக் கேள். அவர்களிடம் இல்லாததுதான் அவர்களுக்கு வேண்டும். அங்கே வேண்டாமென்றால் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தைக் கேட்கலாம். கரையான் தொட்டவற்றை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டாதே. எடைக்குப் போடுவது கடைசி வழி.

பித்தளை அண்டாக்களில் பெயர் வெட்டியிருக்குமே, அவற்றை நாத்தனார்களிடம் கேட்காமல் எங்கும் அனுப்பாதே. பிறகு கல்யாண வீடுகளில் உன் பெயர்தான் அடிபடும். தேக்கு பீரோவுக்கு விலை கிடைக்கும். பழைய பெட்டி டிவியை யாரும் தானமாக வாங்க மாட்டார்கள். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு, காயலான் கடையில் செம்புக்காக உடைத்துப்போடுவார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுத்துவிடு. கிழிசலை எல்லாம் மாநகராட்சி வண்டிக்குக் கொடு. போகிக்கு முன் பழைய துணி, டயர் வாங்கிக்கொள்ள அறிவிப்பு வருகிறதே, கவனித்துக்கொள்.

இதெல்லாம் போகிக்குள் முடியாது என்பாய். வீடு மாறுவது பங்குனியில்தானே? உன் வீட்டுக்காரரிடம் புத்தகப் பட்டியலை ஒப்படை. வங்கியில் லெட்ஜர் எழுதிய கை, மகிழ்ச்சியாகச் செய்வார். இந்த வாரம் சக்கர நாற்காலியை அனுப்பு, மற்றவை மெதுவாக நடக்கட்டும்.

அந்தப் பெரிய இட்லிக் கொப்பரைக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை என்றால் எனக்கு எடுத்து வை. தை கடைசியில் சென்னை வரும்போது வாங்கிக்கொள்கிறேன். குழந்தைகளுக்கு என் ஆசி.

அன்புடன்,
கோமதி