முப்பது மீட்டர் தொலைநோக்கி: இந்தியா மௌனம் கலைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெகல்லன் தொலைநோக்கி, முப்பது மீட்டர் தொலைநோக்கி ஆகிய இரண்டையும் உள்ளடக்கிய மாபெரும் தொலைநோக்கித் திட்டத்துக்கு 160 கோடி டாலருக்கு மேல் செலவிடலாகாது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் வாரியம் 2024 பிப்ரவரியில் வரம்பு விதித்தது. பின்னர் 2026 நிதியாண்டுக்கான வரவு செலவுப் பரிந்துரையில், சிலியில் அமையும் மெகல்லன் தொலைநோக்கி மட்டும் இறுதி வடிவமைப்புக் கட்டத்துக்கு முன்னேறியது; முப்பது மீட்டர் தொலைநோக்கி முன்னேறவில்லை. இது அமெரிக்காவின் உள்நாட்டு விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தியாவுடையது. அதற்காகச் சுமார் 1,300 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை 2014 செப்டம்பரிலேயே ஒப்புதல் அளித்திருக்கிறது.

அந்தப் பங்கின் பெரும்பகுதியை நாம் ரொக்கமாக அல்லாமல் கருவிகளாகவே தர ஒப்புக்கொண்டோம். தொலைநோக்கியின் முதன்மை ஆடி 492 அறுகோணக் கண்ணாடிகளால் ஆனது. அவற்றுள் ஒரு பகுதியை மெருகேற்றுவதற்கென்றே பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் இந்திய வான் இயற்பியல் மையம் ஒரு கூடத்தை அமைத்தது. கண்ணாடியின் விளிம்பில் விசை கொடுத்து வளைத்து, வளைந்த நிலையிலேயே கோளப் பரப்பாகத் தேய்த்து, விசையைத் தளர்த்தியதும் அது தானாகவே வேண்டிய வடிவத்துக்கு வந்து நிற்கும்படி செய்யும் நுட்பம் அங்கே கையாளப்படுகிறது. காவலூரிலுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியை நம் நாட்டிலேயே தேய்த்து முடித்த மரபின் தொடர்ச்சி இது. இத்தகைய கைத்திறன் வேலையின்றிக் கிடந்தால் சில ஆண்டுகளிலேயே கலைந்துபோகும் என்பதுதான் என் பெருங்கவலை.

வானமும் ஒரு காரணம். மெகல்லன், ஐரோப்பாவின் 39 மீட்டர் தொலைநோக்கி இரண்டுமே சிலியில்தான் அமைகின்றன. அங்கே ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் தொடுவானத்துக்குச் சற்று மேலே மட்டுமே எழும். எம்81 என்னும் மற்றொரு விண்மீன் மண்டலம் உதிப்பதே இல்லை. வடவானத்தை நோக்க இந்த அளவில் வேறு கருவி கிடையாது.

முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கு முதலில் தேர்ந்தெடுத்த இடமான, ஹவாயின் மௌனா கியா மலையிலேயே அதைக் கட்ட வேண்டும் என்று வற்புறுத்துவது முறையல்ல. தங்கள் புனித மலையைக் காக்கச் சாலையில் அமர்ந்த பூர்வகுடி முதியவர்கள் 2019 ஜூலையில் கைது செய்யப்பட்டதை மறந்துவிடலாகாது. தன் லா பால்மா தீவில் அதைக் கட்டுவதானால் 40 கோடி யூரோ தருவதாக ஸ்பெயின் 2025இல் அறிவித்தது. அந்த இடம் மௌனா கியாவைவிட உயரம் குறைந்தது, அகச்சிவப்பு ஆய்வுக்கு அவ்வளவு உகந்ததல்ல என்பது உண்மையே. ஆயினும் 10.4 மீட்டர் தொலைநோக்கி ஒன்று அங்கேயே நன்கு இயங்கிவருகிறது.

ஆகவே லா பால்மாவையே இந்தியா விரும்புகிறது என்று கூட்டாளி நாடுகளிடம் மத்திய அரசு வெளிப்படையாகத் தெரிவித்து, முடிவுக்கு ஒரு காலக்கெடுவையும் கோர வேண்டும். அதற்குள் உடன்பாடு எட்டாவிட்டால், லடாக்கின் ஹான்லேயில் திட்டமிடப்பட்டுள்ள பெரிய தொலைநோக்கிக்கு எஞ்சிய நிதியையும் ஹொசகோட்டே கூடத்தையும் அங்குள்ள வல்லுநர்களையும் தாமதமின்றி மாற்றிவிட வேண்டும். இதுவரை செலவான தொகை எவ்வளவு, உருவான கருவிகள் எவை என்பதை நாடாளுமன்றத்தில் அறிக்கையாக வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பத்தூர்