மண்டிச் சீட்டு மாதிரி ஒரு சீட்டு குடுங்க போதும்: இலவச ஸ்ட்ரீமிங் கம்பெனிக்கும் அக்ரிகேட்டருக்கும் ஒரு திறந்த மடல்

எங்கள மாதிரி ஆளுங்க படத்த வாங்கி ஸ்ட்ரீமிங்காரங்களுக்கு ஏத்தி விடற மதிப்புக்குரிய அக்ரிகேட்டர் கம்பெனிக்கும், எங்க படத்த விளம்பரம் போட்டு ஊருக்கே சும்மா காட்டிட்டு இருக்கற ஸ்ட்ரீமிங் கம்பெனிக்கும், பாலக்கோட்டுல இருந்து வணக்கம்ங்க.

நான் யாருன்னு உங்களுக்கு தெரியும், தெரியலன்னா எங்க படத்துக்கு நீங்க குடுத்த டைட்டில் நம்பர போட்டு தேடுங்க, மெயில்ல என்னய அந்த நம்பர் சொல்லித்தான கூப்புடுவீங்க. அக்ரிமெண்ட் போட்டது, தரம் பாக்கற க்யூசில ரெண்டு வாட்டி ரிஜெக்ட் ஆனது, மறுபடி அனுப்புனது எல்லாம் உங்க கிட்டயே இருக்கு, அத திரும்ப ஓட்டல. போன வாரம் ஒண்ணு நடந்துச்சு, அதுக்குத்தான் இது.

காவேரிப்பட்டணத்துல மச்சான் வீட்டுல காதுகுத்து. எங்க படத்துல நடிச்ச கூத்து வாத்தியாரும் வந்திருந்தாரு. சாப்ட்டுட்டு எல்லாரும் ஹால்ல சாஞ்சிருக்கோம், ஒரு பொடியன் புது டிவில ரிமோட்ட வச்சு எதையோ தட்டிட்டே இருந்தவன் திடீர்னு "மாமா, உங்க படம் ஓடுது பாருங்க"ன்னு கத்தறான். நெஜமாவே ஓடுது. காசு கட்ட வேணாம், லாகின் வேணாம், பட்டன அமுக்குனா படம். எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், நம்ம ஊரு டிவில நம்ம படம் ஓடறத சொந்தபந்தத்தோட உக்காந்து பாக்கறது யாருக்கு கெடைக்கும்.

அப்பறம் விளம்பரம் வந்துச்சு. வரட்டும், அதுதான உங்க தொழில். ஒரு மணி 34 நிமிஷப் படத்துல எட்டு பிரேக்கு, மொத்தம் 27 விளம்பரம், நான் வெரல் விட்டு எண்ணுனேன். ஆனா கடைசில, துரியோதனன் சாகற படுகளக் கூத்து முடிஞ்சு விடியக்காலைல வாத்தியார் துரியோதனன் கிரீடத்த கழட்டி பெட்டில வச்சுட்டு, மூஞ்சில பாதி அரிதாரத்தோட பெங்களூரு பஸ்சுக்கு கெளம்பற எடம் இருக்கே, ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு பேச்சே இல்லாம, அந்தப் படத்தயே நான் அதுக்காகத்தான் எடுத்தேன், அதுக்கு நடுவுல பொத்துன்னு டூத்பேஸ்ட் விளம்பரம். பிரேக் எங்க எங்க விடலாம்னு டைம்கோடு போட்டு, இருட்டு ஃபிரேமா பாத்து பாத்து குறிச்சு ஒரு ஷீட்டு அனுப்புனேனே, நீங்க கேட்டுத்தான அனுப்புனேன், அத யாராச்சும் தெறந்து பாத்தீங்களா?

நான் பல்ல கடிச்சுட்டு உக்காந்திருக்கேன், வாத்தியார் சிரிக்கறாரு. "விடு தம்பி, கூத்துலயும்தான் நடுராத்திரில பாட்ட நிறுத்திட்டு இன்னாரு அம்பது, இன்னாரு நூறுன்னு மைக்ல சொல்லுவாங்க"ன்னாரு. சொல்லிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "ஆமா, இத்தன விளம்பரம் ஓடுதே, அப்ப காசு வந்திருக்குமே?"

அவருக்கு நான் சம்பளம் குடுக்கலங்க. அவருக்கும் இல்ல, ஆர்மோனியக்காரருக்கும் இல்ல, மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் இல்ல. வர்றதுல பங்குன்னு சொல்லித்தான் எடுத்தேன். "வரும்ங்க வாத்தியாரே"ன்னு சொன்னேன். அந்த ஹால்ல ஏமாத்துக்காரன் மாதிரி நின்னேன்.

மறுநாள் உங்க மூணு மாச ஸ்டேட்மெண்ட் வந்துச்சு. ஒரே ஒரு வரி. படத்து பேரு, காலாண்டு, 17 டாலர் 40 செண்டு. கீழ பொடி எழுத்துல, அம்பது டாலர் சேரற வரைக்கும் அடுத்த காலாண்டுக்கு தள்ளப்படும்னு. அவ்வளவுதான். 17 டாலர் கம்மின்னு நான் சண்டைக்கு வரல. யாருமே பாக்கலன்னா 17 டாலரே ஜாஸ்தி. எத்தன பேரு பாத்தாங்க, எத்தன விளம்பரம் ஓடுச்சு, ஆயிரம் விளம்பரத்துக்கு என்ன ரேட்டு, அதுல நீங்க பிடிச்சது எவ்வளவு, இதுல ஒண்ணாச்சும் அதுல இருக்கா?

எங்க ஊரு தக்காளி மண்டிக்கு ஒரு நாள் வந்து பாருங்க. விடியக்காலைல பத்து பெட்டி எறக்குனவனுக்கு கூட சீட்டு எழுதி குடுப்பாங்க. பெட்டி இத்தன, ரேட்டு இவ்வளவு, கமிஷன் இவ்வளவு, எறக்கு கூலி இவ்வளவு, கைக்கு இவ்வளவு. அதுல ஏமாத்து இல்லவே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா சீட்டு இருக்கும்ங்க. தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்கு போன அன்னைக்கும் சீட்டு உண்டு. அந்த மாதிரி ஒரு சீட்டு, அதத்தான் கேக்கறேன்.

தொழில் தெரியாம பேசறான்னு நெனைச்சிராதீங்க. எல்லா விளம்பர எடமும் வித்து போகாது, பாதி காலியாவே ஓடும்னு எனக்கும் தெரியும். ஒருத்தரு அவரா தேடி படத்த போட்டு பாத்தா ஒரு கணக்கு, டிவி சேனல் மாதிரி 24 மணி நேரமும் ஓடற உங்க வரிசைல நடுவுல எங்க படம் வந்தா வேற கணக்கு, அங்க எத்தன நிமிஷம் பாத்தாங்கன்னு பாத்து பொதுப் பணத்துல பங்கு பிரிப்பாங்க, இதுவும் தெரியும். விளம்பரம் குடுக்கறவன் காச ஏஜென்சி தொட்டு, விளம்பரத்த ஏத்தற சாஃப்ட்வேர்க்காரன் தொட்டு, ஸ்ட்ரீமிங்காரன் தொட்டு, சேனல் நடத்தறவன் தொட்டு, அப்பறம் அக்ரிகேட்டர் தொட்டு எனக்கு வருது. அக்ரிமெண்ட்ல "நெட் வருமானத்துல பங்கு"ன்னு இருக்கு. அந்த நெட்டுன்றது என்னன்னு மூணு மெயில் போட்டேன், மூணுக்கும் "உங்கள் கேள்விக்கு நன்றி"ன்னு வந்துச்சு. ரொம்ப மரியாதையான கம்பெனி.

எங்க கிட்ட மட்டும் எவ்வளவு வெவரம் கேட்டீங்க, யோசிச்சு பாருங்க. ப்ரோரெஸ் 422 எச்க்யூன்னு ஒரு பெரிய ஃபைல் வகைல மாஸ்டர் வேணும்னீங்க, 120 ஜிபிக்கு மேல வந்துச்சு, வீட்டு லைன்ல ரெண்டு ராத்திரி கரண்ட் போயி போயி நின்னு, கடைசில ஹார்ட் டிஸ்க்க மடில வச்சுட்டு பஸ் ஏறி ஓசூர்ல ஃப்ரெண்டு ஆபீஸ்ல உக்காந்து ஏத்துனேன். எஸ்ஆர்டி ஃபைல்ல இங்கிலீஷ் சப்டைட்டில், படுத்த போஸ்டர் ஒண்ணு, நின்ன போஸ்டர் ஒண்ணு, எந்தப் பாட்டு எங்க வருதுன்னு மியூசிக் க்யூ ஷீட்டு, படம் என்னோடதுதான்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் கையெழுத்து. கூத்துப் பாட்டுக்கு யாரு கம்போசர்னு கேட்டீங்க பாருங்க, தாத்தன் பூட்டன் பாடுன பாட்டுங்க அது, பாரதத்துக்கு யாரு கிட்ட போய் கையெழுத்து வாங்கறது, வியாசர் கிட்டயா? அமெரிக்கா வரி ஃபாரம் டபிள்யூ-8பென், அது இல்லைன்னா நூத்துக்கு 30 பிடிப்பாங்க, ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துல ராயல்டிக்கு 15ன்னு படிச்சு பான் நம்பர் போட்டு அதையும் ஒழுங்கா நிரப்பி குடுத்தேன். நான் குடுத்தது எல்லாம் அக்கக்கா வெவரம். நீங்க குடுத்தது ஒரு வரி.

இலவச சேவைங்க, இதுல என்ன பெருசா வருதுன்னு போன்ல ஒருத்தர் சொன்னாரு. 2019ல ப்ளூட்டோ டிவின்ற ஸ்ட்ரீமிங் சேவைய வயாகாம் கம்பெனி 340 மில்லியன் டாலர் குடுத்து வாங்குச்சு, மறு வருஷம் டுபிய ஃபாக்ஸ் 440 மில்லியனுக்கு வாங்குச்சு. ரெண்டும் இலவசம்தான். தான தர்மத்துக்கு யாரும் அவ்வளவு போட மாட்டாங்க சார். கேரளாவுல அரசாங்கமே 2024 மார்ச்ல சி ஸ்பேஸ்னு ஒரு ஓடிடி தெறந்துச்சு, அது காசு கட்டி பாக்கறது, வேற வகை, ஆனா ஒரு படம் 75 ரூபா, அதுல பாதி தயாரிப்பாளருக்குன்னு ஆரம்பத்துலயே ஊரறிய சொன்னாங்க. எட்டாவது படிக்கற பிள்ளையும் போட்டுரும் அந்தக் கணக்க. இங்க நம்ம சினிமாக்காரங்க கிட்ட போய் பேசுனா தேட்டரு கெடைக்கலையேன்னு ஒரு பாட்டம் அழுவாங்க, சின்னப் படத்த வாழ வைக்கணும்னு மேடைல பேசுவாங்க, ஒரு மாடல் அக்ரிமெண்ட் எழுதி குடுங்கன்னா டீ வந்துரும். பெஸ்டிவலுக்கு அனுப்புனா ஃபீஸு, தேட்டருக்கு போனா வாடகை, இதுல "கன்டென்ட் பார்ட்னர்"னு எங்களுக்கு பேரு வேற. பார்ட்னராம். பார்ட்னருக்கு கணக்கு காட்டாத யாவாரத்துக்கு எங்க ஊருல வேற பேரு இருக்கு.

சரி, எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கங்க. நீங்க படத்த எடுத்துக்கலன்னா அந்த டிவில அது ஓடியிருக்காது, அதுக்கு நன்றி நெஜமாவே இருக்கு. அக்ரிமெண்ட்ட நான்-எக்ஸ்க்ளூசிவ்வா போட்டதுக்கும் நன்றி, வேற எடத்துலயும் குடுக்க முடியுது. இத படிக்கற தம்பிங்க யாராச்சும் படம் கையில வச்சிருந்தா அந்த ஒரு வார்த்தைய மட்டும் விட்டுறாதீங்க, அப்பறம் நெட்டுன்னா என்னன்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுருங்க, நான் பின்னாடி கேட்டேன்.

கம்பெனிக்காரங்களுக்கு கடைசியா, பணிவா. கூத்து சீசன் முடிஞ்சாத்தான் வாத்தியார் வீட்டுல இருப்பாரு. அதுக்குள்ள அந்த 17 டாலர் 40 செண்டுக்கு ஒரு சீட்டு அனுப்புங்க. பாத்தவங்க இத்தன, ஓடுன விளம்பரம் இத்தன, ரேட்டு, பிடித்தம், மிச்சம். அஞ்சு வரி. எக்செல்ல வேணாம், வெள்ளப் பேப்பர்ல எழுதி ஃபோட்டோ எடுத்து வாட்சப்புல அனுப்புனா கூட பிரிண்ட் போட்டு அவரு கையில குடுத்துருவேன். தொகை எவ்வளவு இருந்தாலும் சரிங்க.

இப்படிக்கு,
உங்க டைட்டில் நம்பர்களில் ஒருத்தன்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்