கல் போட ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில்களுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு வந்தாலே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையவில்லை என்று முடித்துவிடுகிறார்கள். உங்கள் கடிதப் பகுதியிலும் ஒருவர் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆள் தேடி அலைகிறவர்களில் நானும் ஒருத்தி. எனக்குத் தெரிந்த சங்கதி வேறு.

ஆத்தங்குடியில், கையால் டைல்ஸ் செய்கிற பட்டறை நடத்துகிறேன். டைல்ஸ் செய்வதைத்தான் நாங்கள் கல் போடுவது என்போம். மாமனார் தொடங்கியது. வீட்டுக்காரர் காலமான பிறகு என் கைக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. 14 பேர் உட்கார்ந்து கல் போட்ட கொட்டகையில் இப்போது 6 பேர்தான் இருக்கிறார்கள். அவர்களில் 4 பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மூத்தவரை எல்லோரும் மாமா என்போம். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் காலையில் உட்காருகிறார்.

வேலை இல்லாமல் இல்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்கள், முற்றத்தில் பெயர்ந்த கல் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, இதே பூ வேண்டும் என்கிறார்கள். பெங்களூரு, கொச்சியிலிருந்து ஆர்கிடெக்ட்டுகள் கூப்பிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில் மூட்டைக்குக் கொஞ்சம் மிச்சமும் ஆனது. பயம் ஒன்றுதான். குஜராத்தில் மோர்பி என்ற ஊர் முழுக்க டைல்ஸ் கம்பெனிகள். அந்த மாதிரி மிஷின் டைல்ஸில் எங்கள் பூவை அப்படியே அச்சடித்து, 'ஆத்தங்குடி டிசைன்' என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், போனில் படம் பார்த்து வாங்குகிறவருக்குத் தெரியாது. நான் மூன்று மாதம் அவகாசம் கேட்டால் அவர் அங்கே போய்விடுகிறார். ஆள் இருந்தால் ஒரே மாதத்தில் கொடுத்துவிடுவேன்.

சரி, ஆள் ஏன் வரவில்லை? எங்கள் கல்லைச் சூளையில் வைத்துச் சுடுவதில்லை. கண்ணாடியில் படிகிற பக்கம்தான் அதன் முகம். கண்ணாடியைத் துடைத்து, சட்டத்துக்குள் வைத்து, மேலே பூ அச்சை இறக்குவோம். சிமெண்ட்டும் ஆக்சைடும் கரைத்த கலரைக் கரண்டியால் அறை அறையாக ஊற்ற வேண்டும். பிறகு அச்சைத் தூக்க வேண்டும். நேராக, ஒரே இழுப்பில், கை நடுங்காமல். கொஞ்சம் சாய்ந்தாலும் மஞ்சள் சிவப்புக்குள் ஓடிவிடும். அப்புறம் காய்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, அதன் மேல் கலவை போட்டு மட்டம் தட்டி, காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். இவ்வளவும் கல்லின் முதுகைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை. கண்ணாடி கழன்று வரும்போதுதான் முகம் தெரியும். திங்கட்கிழமை செய்த தப்பு வியாழக்கிழமைதான் கண்ணில் படும்.

இது கைக்கு வர ஒரு வருஷமாவது ஆகும். ஒரே கலர் கல்லை ஒரு மாதத்தில் போட்டுவிடலாம். நாலு கலர்ப் பூவுக்குத்தான் அந்த ஒரு வருஷம். ஆனால் எங்கள் தொழிலில் கூலி எண்ணிக்கைக்கு. போட்ட கல்லுக்குக் காசு, உடைந்தால் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கல் காயாது, வேலை நிற்கும், கூலியும் நிற்கும். கற்றுக்கொள்ள வருகிற பையன் ஒரு வருஷம் எதைச் சாப்பிடுவான்? திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனால் முதல் வாரமே கையில் சம்பளம். சிங்கப்பூருக்குப் போகிறவன் கடன் வாங்கியாவது போகிறான், அடைத்துவிடலாம் என்ற தைரியம் இருக்கிறது. இதில் பிள்ளைகளை என்ன குறை சொல்வது? கூலி முறையை இப்படியே வைத்திருந்தது நாங்கள்தான். என் மாமனாரும் இப்படித்தான் கொடுத்தார், போன வருஷம் வரை நானும் இப்படித்தான் கொடுத்தேன்.

போன வருஷம் மாற்றிப் பார்த்தேன். ஊரிலிருந்து இரண்டு பெண்களைச் சேர்த்து, கல் வந்தாலும் வராவிட்டாலும் தினச் சம்பளம் என்றேன். கல் சுமக்கவும் மணல் சலிக்கவும் பெண்கள், ஊற்றுவதற்கு ஆண்கள் என்பதுதான் எங்கள் பட்டறையின் பழக்கம். மாமா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். முதல் இரண்டு மாதம் அவர்கள் போட்டதில் பாதிக்கு மேல் கொல்லையில் கிடந்தது. பச்சை ஆக்சைடு விற்கிற விலையில் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். இன்னொருத்தி இருக்கிறாள். அவள் அச்சைத் தூக்குவதை இப்போது மாமாவே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொள்கிறார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பாராட்டு. ஆனால் அந்த ஒருத்தியை உருவாக்க ஒரு பெரிய ஆர்டரின் லாபமே போய்விட்டது. இன்னும் 5 பேரைச் சேர்க்க எனக்குச் சக்தி இல்லை.

அரசுத் திட்டங்கள் இல்லையா என்று கேட்கலாம். 2023 இல் வந்த மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். தச்சர், குயவர், கொத்தனார், கூடை முடைபவர் எல்லாம் உண்டு, டைல்ஸ் செய்கிறவர் இல்லை. பிள்ளைகளைக் குலத்தொழிலுக்கே தள்ளும் என்று தமிழக அரசு அதை ஏற்காமல், கலைஞர் கைவினைத் திட்டத்தை 25 தொழில்களோடு கொண்டுவந்தது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும். தொழில் தெரிந்தவருக்கு அது உதவும், இனிமேல் கற்க வருகிற 20 வயதுப் பெண்ணுக்கு உதவாது. குலத்தொழில் என்ற கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் வேலை எந்தச் சாதிக்கும் குலத்தொழில் இல்லை. என் கொட்டகையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒடிசாவிலிருந்து வந்த தம்பி ஒருவன் மூன்று கலர் வரை கற்றுக்கொண்டு போனான். மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத்தில், வேலை பழகுகிறவருக்குத் தரும் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை அரசு கொடுக்கிறது. மீதியை முதலாளி போட வேண்டும். அந்த முக்கால் பங்கு பெரிய கம்பெனிக்குச் சுண்டைக்காய், எனக்கு அப்படியில்லை.

இது டைல்ஸ் பட்டறையோடு நிற்கிற சங்கதி இல்லை. காரைக்குடியில் பலகாரம் போட்டு அனுப்புகிற ஒரு ஆச்சியும் இதையே சொன்னார். மணகோலத்துக்கும் சீப்புச் சீடைக்கும் வெளிநாட்டிலிருந்துகூடக் கேட்கிறார்களாம், பக்குவம் தெரிந்த கை இரண்டுதான் மிச்சம். கண்டாங்கிச் சேலைக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்து என்ன, தறியில் உட்கார ஆள் வேண்டுமே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கற்கிற அந்த ஒரு வருஷத்துக்குச் சம்பளத்தில் பாதியை அரசு கொடுக்கட்டும், பாதியை நாங்கள் கொடுக்கிறோம். பணத்தைப் பட்டறைக்குத் தர வேண்டாம், கற்கிற பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே போடட்டும். ஐடிஐயில் இதை ஒரு பிரிவாக வைத்து, வாரத்தில் நான்கு நாள் பட்டறைக்கு அனுப்பினாலும் போதும். சொல்லிக் கொடுக்க மாமா மாதிரி ஆட்கள் இன்னும் சில வருஷம் இருப்பார்கள். அவர்களுக்கும் வாத்தியார் சம்பளம் கொடுக்க வேண்டும், பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பக் கூடாது.

அரசு யோசித்து முடிக்கும் வரை நான் சும்மா இருக்கப் போவதில்லை. தை பிறந்ததும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். ஆணோ பெண்ணோ, படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. காலை 8 மணிக்கு வந்தால் போதும். மழை நாளிலும் சம்பளம் உண்டு.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரி,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்