ஃப்ரீடவுனின் இலவமரம்

அன்புள்ள சிவகுரு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் 2023 மே மாதம் புயல்மழையில் விழுந்த இலவமரத்துக்காக ஒரு நாடே ஏன் வருந்தியது என்று கேட்டிருந்தாய்.

அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, எஜமானர்களை விட்டு எங்கள் பக்கம் வந்தால் விடுதலை என்றது பிரிட்டன். போரில் தோற்றதும், நம்பி வந்த கறுப்பின மக்களில் பெரும்பகுதியை இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவின் குளிரில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. சொன்னபடி நிலமும் பலருக்குக் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவர் தாமஸ் பீட்டர்ஸ், வட கரோலினாவில் அடிமையாக இருந்து தப்பியவர். எல்லோருடைய மனுவையும் எடுத்துக்கொண்டு அவர் லண்டனுக்கே கப்பலேறிவிட்டார். வழியில் யாராவது பிடித்திருந்தால் மறுபடி அடிமை வாழ்க்கைதான். என்ன துணிச்சல் பார்!

அதன் பலனாக 1792 ஜனவரியில் 15 கப்பல்களில் சுமார் 1,200 பேர் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். கரையிறங்கியதும் அந்த மரத்தடியில் கூடி வழிபட்டார்கள் என்று அவர்கள் வழிவந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அது ஏற்கெனவே அங்கே வாழ்ந்த தெம்னே மக்களின் மண். அதற்கு முன் லண்டனிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊரை, 1789-ல் ஒரு தெம்னே தலைவர் எரித்திருந்தார்.

எனக்கு மனசு ஆறாத இடம் இனிமேல்தான் வருகிறது. கப்பல்களை அழைத்துப்போன ஜான் கிளார்க்சன், நிலத்துக்கு வரி கிடையாது என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஊரை நிர்வகித்த சியரா லியோன் கம்பெனியோ வரி கேட்டது. அந்தக் கம்பெனியை நடத்தியவர்கள் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடியவர்கள் என்பதுதான் கொடுமை. வரி கட்டினால் நிலம் நமக்குச் சொந்தமில்லை என்றாகிவிடும் என்று மக்கள் மறுத்தார்கள். 1800-ல் கிளர்ச்சி வெடித்தது. ஜமைக்காவில் ஆங்கிலேயரோடு போரிட்டு நாடுகடத்தப்பட்ட மரூன்கள் (தப்பிய அடிமைகளின் வழிவந்தவர்கள்) அந்த நேரம் பார்த்து வந்திறங்க, அவர்களை வைத்தே கிளர்ச்சியை அடக்கினார்கள். இரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள். பீட்டர்ஸ் அப்போது உயிரோடு இல்லை. வந்த சில மாதங்களிலேயே காய்ச்சலில் போய்விட்டார்.

அவர்கள் கேட்டது கருணை இல்லை சிவகுரு, கொடுத்த வாக்கைத்தான். அதை மீறியது நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம், லைபீரியாவைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது தனிக் கதை, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். மகள் எந்த ஊரில் வேலைக்குச் சேர்கிறாள், சொல்லவே இல்லையே?

அன்புடன்,
ராமநாதன்