ஊர்ப் பணம் வயலுக்கு வர ஒரு கணக்கு திறக்கக்கூடாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில் கையில் நாலு காசு சேர்ந்தால் அது எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். நகை, வங்கி டெபாசிட், அப்புறம் பிளாட். வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்த பணமும் ஓய்வுபெற்றவர்களின் பணிக்கொடையும் சேர்ந்துதான் நாஞ்சில் நாட்டு வயல்களை மண்ணடித்து மனையாக்கின. அந்தப் பணத்தில் ஒரு பங்காவது வயல் வயலாகவே இருக்க உதவக்கூடாதா?

இதைத்தான் கருத்தரங்குகளில் 'இம்பாக்ட் இன்வெஸ்டிங்' என்கிறார்கள். தானம் இல்லை, போட்ட பணம் திரும்ப வரணும். வட்டி கொஞ்சம் குறைந்தாலும் சரி, பணம் போன இடத்தில் மண்ணுக்கும் மனிதருக்கும் என்ன நடந்தது என்று கணக்குக் காட்டணும், அவ்வளவுதான்.

நம்மூரில் இதற்கு வேலை இருக்கிறதா என்று கேட்பவர்கள் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அறுவடை நேரத்தில் பூதப்பாண்டி பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கட்டும். மழை தூறும்போதே அறுக்க வேண்டியிருக்கும், களம் கிடையாது, தார் ரோட்டில் ஒரு பாதியை மறித்து நெல்லைப் பரப்பிவிட்டு பஸ் வரும்போதெல்லாம் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு நிற்பார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சிக்கல், அதனால் வியாபாரி சொல்லும் விலைக்கே போய்விடுகிறது. உழவர் குழுவிடம் ஒரு உலர்த்தும் இயந்திரம் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நம்மூர் மட்டி வாழைப்பழமும் அப்படித்தான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம், சந்தோஷம். ஆனால் பழுத்த மட்டியை வைத்திருந்து விற்க முடியாதே. குழந்தைகளுக்குக் கொடுக்கும் மட்டிப் பொடியை நல்லபடியாக அரைத்து அடைக்க ஒரு கூடமாவது வேண்டாமா?

மத்திய அரசின் வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் திட்டச் செலவில் குறைந்தது 10 சதவீதத்தைக் கடன் வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, பயிர் செய்பவர்கள் நிறைந்த குழு அந்தப் பணத்துக்கு எங்கே போகும்? சரி, நாம் பங்கு வாங்கிக் கைகொடுக்கலாம் என்றால் அதுவும் முடியாது. இப்படிப்பட்ட குழுக்கள் பதிவு செய்துகொள்ளும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் உற்பத்தியாளர்கள்தான் பங்குதாரர் ஆகலாம் என்பது சட்டம். வாட்ஸ்அப்பில் குழு சேர்த்து வசூல் பண்ணும் யோசனையை யாராவது சொன்னால் தயவுசெய்து காதைப் பொத்திக்கொள்ளுங்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட் வசூலுக்கு 2019-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டுக் கொங்கு மண்டலமே பட்டதும், நம் எல்லையோர ஊர்க்காரர்கள் சிட் ஃபண்டில் போட்டு அழுததும் மறக்கிற விஷயமா?

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி இதற்கென்றே தனியாக ஒரு ஐந்தாண்டு டெபாசிட் தொடங்கட்டும். வழக்கமான வட்டியைவிட ஒரு சதவீதம் குறைவாகக் கொடுத்தாலும் போடுவதற்கு ஆள் இருக்கிறது, முதல் ஆளாக நானே வருகிறேன். ஊரில் இருக்கும் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேண்டாம், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலேயே வேண்டும். டெபாசிட் காப்பீடு 5 லட்சம் வரை அங்கேதான் உண்டு, சங்கத்தில் கிடையாது. அந்தப் பணம் களம், உலர்த்தி, கிட்டங்கி, அப்புறம் இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறவர்கள், இவர்களுக்கு மட்டுமே கடனாகப் போகட்டும். இயற்கைச் சான்று கிடைக்க நெல்லுக்கு 2 வருடமும் தென்னை மாதிரி நீண்டகாலப் பயிருக்கு 3 வருடமும் ஆகும். அதுவரை விளைச்சலும் குறையும், இயற்கை விளைபொருளுக்கான விலையும் கிடைக்காது. ஆறு மாதத்தில் தவணை கேட்கும் கடனை வாங்கிக்கொண்டு எவர் மாறுவார்?

வருடா வருடம் கணக்கும் ஒட்டட்டும். ரிப்பன் வெட்டும் போட்டோ வேண்டாம். எத்தனை டன் நெல் உலர்ந்தது, கிலோவுக்கு விவசாயி கையில் என்ன விலை கிடைத்தது, அன்றைய வெளிச்சந்தை விலை என்ன, கடன் எவ்வளவு திரும்பியது. வங்கி வாசலில் ஒரு பலகை போதும்.

கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குக் கூட்டுறவுத் துறை அதிகாரிகளும் வருவார்கள். இப்படி ஒரு கணக்கு தொடங்க விதியில் தடை உண்டா என்று அங்கே அவர்கள் சொல்லட்டும். உண்டென்றால் எந்த விதி என்று எழுத்தில் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை