மெயின் சுவிற்சுக்குப் பக்கத்தில் நிற்பவர்

முள்ளியவளை,
ஆவணி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

சென்ற ஞாயிறு நீ அம்மாவுடன் தொலைபேசியில் பேசியபோது நான் வெளித்திண்ணையில்தான் இருந்தேன். ரொறன்ரோவில் நீ மேடைப் பொறுப்பில் நின்ற ஏரிக்கரை இசை நிகழ்ச்சியைக் காற்றுக்கு அஞ்சி நாற்பது நிமிடம் நிறுத்திவைத்ததையும், பிறகு காற்று நீ அஞ்சிய அளவுக்கு அடிக்காமல் போனதையும், ஏற்பாட்டாளர் பலர் முன்னிலையில் உன்னைக் கடிந்துகொண்டதையும், இனி உன்னை வேலைக்குக் கூப்பிடுவார்களோ என்று நீ கலங்குவதையும் அம்மாவிடம் சொன்னாய். தொலைபேசி என் கைக்கு வந்ததும் "ஒண்டுமில்லை அப்பா, எல்லாம் நல்லாய்ப் போச்சு" என்றாய். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊரூராக லவுட்ஸ்பீக்கர் கட்டித் திரிந்தவனுக்கு, நிகழ்ச்சி நல்லாய்ப் போச்சு என்று சொல்லும் குரல் எப்படியிருக்கும் என்று தெரியும், பிள்ளை. நேரில் சொன்னால் நடுவில் நீ வேறு கதைக்குப் போய்விடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நான் தொழில் தொடங்கியபோது என்னிடம் இருந்தவை இரண்டு அகூஜா அம்பிளிபயர்களும் எட்டுப் புனல் ஸ்பீக்கர்களும் ஒரு பழைய ஜெனரேற்றரும் மட்டுமே. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வீதி நெடுகப் புனல் கட்டும்போதுதான் ஒலி என்பது என்னவென்று படித்தேன். நூறு வோல்ற் லைனில், ஒவ்வொரு புனலுக்கும் ஒரு சிறு ட்ரான்ஸ்போமர் வைத்து, பனையிலும் மின்கம்பத்திலும் கட்டிக்கொண்டே போனால், கோயில் வாசலில் பேசுவது அரை மைல் தூரத்திலும் கேட்கும். ஆனால் இரண்டு புனல்களுக்கு நடுவே நிற்பவனுக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்டு ஒன்றுமே விளங்காது. ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர்தான் ஓடும். நூறு மீற்றர் தள்ளியிருக்கும் புனலின் ஓசை, பக்கத்துப் புனலின் ஓசைக்குப் பின்னால் செக்கனில் மூன்றில் ஒரு பங்கு பிந்தி வந்து சேரும். அதற்கு நான் கண்ட மருந்து எல்லாப் புனல்களையும் ஒரே திசைக்குத் திருப்பி, ஒவ்வொன்றின் சத்தத்தையும் குறைத்து, இடைவெளியைச் சுருக்குவது. நீங்கள் மைதானத்தின் நடுவில் ஸ்பீக்கர்களுக்குத் தனிக் கோபுரம் நட்டு, அதற்குப் போகும் ஒலியைக் கணக்குப் பார்த்துப் பிந்த வைக்கிறீர்கள் என்று நீ முதல் வேலைக்குப் போன வாரம் சொன்னபோது, இருபது ஆண்டுகள் முன்னதாக அப்படிப் பிந்த வைக்கும் பெட்டி எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று பொறாமைப்பட்டேன்.

அந்தப் பொங்கலின் வேலை திங்கட்கிழமை இரவில் தொடங்குவதில்லை என்பது உனக்கும் தெரியும். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, நமது ஊர்க் காட்டு விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கேற்றும் நாள் முதலே எங்கள் வேலையும் தொடங்கிவிடும். தண்ணீர் பவுசர் எங்கே நிற்பது, காவடி எந்தப் பாதையால் வருவது, அம்புலன்ஸ் எந்தப் பாதையால் போவது, கடைக்காரர் எவ்வளவு தூரத்துக்குள் வரக்கூடாது என்பதெல்லாம் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும்; கடைக்காரர் மட்டும் அந்தத் தீர்மானத்தை ஒருநாளும் மதித்ததில்லை. சனம் வருவது மூன்று நாளாகச் சிறுகச் சிறுக. திரும்புவதோ விடியற்காலையில் ஒரே நேரத்தில். ஆகவே வரும் பாதையைப் பார்த்து அகலம் கணிப்பவன் ஏமாந்துபோவான். ஒரு சதுர மீற்றருக்குள் நான்கு பேர் நிற்கும் வரை மனிதன் தன் காலால் நடப்பான். ஐந்து, ஆறு என்று நெருங்கிவிட்டால் அவனைக் கூட்டம்தான் கொண்டுபோகும், நந்திக்கடல் களப்பின் நீர் வெட்டுவாயால் கடலுக்குப் பாய்வதுபோல. (கடல்நீர் விளக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: அந்த ஒரு விளக்குக்கு மட்டும் எவரும் என்னிடம் ஜெனரேற்றர் கேட்டதில்லை.)

பொருளாதாரத் தடைக் காலத்தை நீ சரியாக அறியமாட்டாய். மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. வானொலியைச் சைக்கிள் டைனமோவில் கேட்ட காலம். பெற்றோலைச் சில துளிகள் விட்டு ஜெனரேற்றரை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஓர் இரவுக் கூத்தை ஒப்பேற்றுவோம். எண்ணெய் எந்த நேரத்தில் முடியும் என்று எனக்குத்தான் தெரியும்; அதனால் கோவலன் கூத்தில் எந்தப் பாட்டுக்குள் விடியும் என்பதையும் கூத்தை நடத்தும் அண்ணாவியார் என்னிடம்தான் கேட்டுவைத்துக்கொள்வார். மத்தளத்தில் அவர் கை விழாமல் ஒருவரும் களரிக்குள் கால் வைப்பதில்லை. தலையில் மாட்டிய கருவியில் நீ "கோ" என்று சொன்னால்தான் விளக்கு மாறும், திரை ஏறும், அந்தச் சொல்லை வேறு பேச்சில் தவறியும் சொல்லக்கூடாது என்று நீ விளக்கியபோது, எனக்கு அந்த மனிதரின் கைதான் நினைவுக்கு வந்தது.

இனி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போர்நிறுத்தத்தில் ஏ-9 பாதை திறந்த மறு ஆண்டு, 2003, வைகாசி கழிந்து தென்மேற்குச் சோளகக் காற்று பலத்திருந்த நேரம். ஒரு கோயிலில் இரவு நிகழ்ச்சி. எந்தக் கோயில் என்று எழுதப்போவதில்லை. அன்று நிர்வாகத்தில் இருந்தவர்களில் சிலர் இன்று உயிருடன் இல்லை. உனக்கு எட்டு வயது. லொறியின் முன் இருக்கையில் நித்திரையாக இருந்தாய். பந்தல் இரும்புக் குழாய்களால் கட்டியது, மேலே தறப்பாள். மேடையின் இரு பக்கங்களிலும் அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர் எழுதிய பதாகைகளை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பதாகை கட்டினால் காற்றுக்கு அது பாய்மரத்துப் பாய் என்று நான் சொன்னேன். பெயர் தெரியவேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்ற கணக்கு அன்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

மாலையில் சிறு தூறல் விழுந்தது. அந்த ஆண்டுதான் நான் கொழும்பிலிருந்து 30 மில்லிஅம்பியர் ட்றிப் சுவிற்ச் ஒன்று வாங்கிவந்து பூட்டியிருந்தேன். மின்சாரம் எங்கோ ஓரிடத்தில் அந்த அளவு கசிந்தாலே போதும், ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் வெட்டிவிடும். அன்று ஏழரை மணிக்கு வெட்டியது. மீண்டும் போட்டேன். எட்டு மணிக்கு, முக்கியமான ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் வெட்டியது. இருட்டில் சனம் கூச்சலிட்டது. நிர்வாகத்தில் ஒருவர் என் முகத்துக்கு நேரே வந்து, நீ எல்லாம் ஒரு தொழிலாளியா என்று கேட்டார். நான் எங்கே கசிகிறது என்று தேடியிருக்கவேண்டும். ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்தால் பத்து நிமிடம் பிடித்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. சுவிற்சைக் கழற்றிவிட்டு வயர்களை நேரே இணைத்தேன். விளக்கு எரிந்தது, அவர் பேச்சை முடித்தார், எனக்குக் கைதட்டாத குறை.

ஒன்பது மணிக்குப் பிறகு காற்று வந்தது. தறப்பாள் உப்பி எழ, பந்தற்கால் ஒன்று நிலத்தைவிட்டுக் கிளம்பியது. சின்னண்ணா என்று நீ கூப்பிடுவாயே, என்னுடன் வேலைக்கு நின்ற பையன், அவன் ஓடிப்போய் அந்தக் காலை இரு கைகளாலும் பிடித்தான். டியூப் லைற் வயர் அந்தக் காலில்தான் சுற்றியிருந்தது. அதன் உறை எங்கோ உரசித் தேய்ந்து, மாலையிலிருந்து அந்த இரும்பில்தான் கசிந்துகொண்டிருந்தது. பிடித்த கையை அவனால் விடமுடியவில்லை. நான் ஜெனரேற்றருக்கு அருகில் இல்லை. மேடைக்கு முன்னால் நின்று மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஓடிப்போய் மெயினை அடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உயிர் தப்பினான். இடது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. அவன் மரம் ஏறி விழுந்தான் என்று உனக்குச் சொன்னது நான்தான்; அவனும் இத்தனை ஆண்டுகளாக அதை மாற்றிச் சொன்னதில்லை.

2009இல் புனல், அம்பிளிபயர், லொறி எல்லாம் போயின. அவற்றைப் பற்றி எழுத இப்போது மனமில்லை. ஊருக்குத் திரும்பிக் கடன்பட்டு மறுபடி கடை திறந்தபோது முதலில் வாங்கிய பொருள் ட்றிப் சுவிற்ச். அதன் பிறகு எவருடைய நிகழ்ச்சியையும் நான் சில நிபந்தனைகள் இல்லாமல் ஏற்றதில்லை. முற்பணம் வாங்கும்போதே, காற்றோ மழையோ நெரிசலோ வந்தால் நிறுத்துவது யார் என்று கேட்பேன். "எல்லாரும் கதைச்சு முடிவெடுப்பம்" என்று பதில் வந்தால், அப்படியானால் நான்தான் நிறுத்துவேன் என்று அங்கேயே சொல்லிவிடுவேன். மெயின் சுவிற்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இரவு முழுக்க நிற்பான். அவனுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கமாட்டேன், தேத்தண்ணீர் கூட அவன் இருக்கும் இடத்துக்குப் போகும். இதனால் சில வேலைகள் என் கையைவிட்டுப் போயின. அம்மா அதைச் சொல்லிக் குறைப்பட்டதும் உண்டு.

உன் நாட்டுப் பக்கத்துக் கதை ஒன்றையும் நீ அறிந்திருப்பாய். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில், முக்கிய இசைக்குழு மேடையேறுவதற்குச் சற்று முன் வீசிய புயற்காற்றில் மேடையின் மேற்கட்டு சனத்தின் மேல் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். புயல் வருகிறது என்ற செய்தி அவர்களுக்கு முன்பே கிடைத்திருந்தது. நிறுத்தும் அதிகாரம் யாருடையது என்பதில் தெளிவில்லாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் காற்று வந்தது என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தது. நீ இருக்கும் ரொறன்ரோவிலேயே, டவுன்ஸ்வியூ பூங்காவில், 2012 ஜூன் 16 அன்று ரேடியோஹெட் குழுவுக்குக் கட்டிய மேடைக் கூரை, சனத்தை உள்ளே விடுவதற்கு முன்பாகவே இடிந்து விழுந்து அந்தக் குழுவின் ட்ரம் தொழில்நுட்பவியலாளர் இறந்தார். அன்று அடித்தது காற்றல்ல. மேலே தொங்கவிட்ட பாரம். ஆகவே வானம் தெளிவாக இருந்தாலும் மேலே பார்த்துக்கொள்.

உன் நாற்பது நிமிடத்துக்கு வருகிறேன். காற்று வராமல் போனதால் நீ செய்தது பிழை என்று அந்த ஏற்பாட்டாளர் சொல்கிறார். ட்றிப் சுவிற்ச் வெட்டியபோது என் முகத்துக்கு நேரே வந்தவரும் இதையேதான் சொன்னார். எட்டு மணிக்குப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஏற்பாட்டாளர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பணம் போட்டவர், மண்டபமும் மைதானமும் மணிக்கணக்கில் காசு கேட்கும், அவர் ஏசத்தான் செய்வார். நீ கலங்கவேண்டிய இடம் அது அல்ல. நிறுத்தும்போது எதை முதலில் நிறுத்தினாய் என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன். பாட்டை இறக்கினாயா, விளக்கையும் சேர்த்து அணைத்தாயா? விளக்கு எரியவேண்டும், இன்னும் கூடுதலாக எரியவேண்டும். இருட்டில் நிற்கும் சனத்துக்கு எவ்வளவு நல்ல வார்த்தை சொன்னாலும் காதில் ஏறாது. நான் கடைசிவரை கார் பற்றரியில் ஓடும் ஒரு சின்ன அம்பிளிபயரையும் இரண்டு புனலையும் புறம்பாக வைத்திருந்தேன், மெயினை அடித்த பிறகும் பேசுவதற்காக. அதில் பேச வேண்டிய ஆளையும் முதலே தெரிந்து வைப்பேன். பெரும்பாலும் அது காணாமற்போன பிள்ளைகளை அறிவிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கும். இரவு முழுக்கக் கேட்ட குரல் என்பதால், "பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கு வாசலால் மெதுவாகப் போங்கோ" என்று அவர் சொன்னால் சனம் கேட்கும். நான் சொன்னால் கேட்காது.

இன்னொன்று. காற்றை நிலத்தில் நின்று அளந்தாயா, கூரையின் உயரத்தில் அளந்தாயா? நிலத்தில் காட்டுவது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். உன் எண் எந்த உயரத்தில் எடுத்தது என்பதை அறிக்கையில் எழுதியிருந்தால், அடுத்த முறை உன்னுடன் வாதிடுபவர் எண்ணுடன்தான் வாதிட வேண்டியிருக்கும்.

இங்கே சோளகம் இன்னும் ஓயவில்லை. மடுத் திருவிழாவுக்குப் போனவர்கள் பாதை முழுக்கப் புழுதி என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். சின்னண்ணா புதுக்குடியிருப்பில் இப்போது இரண்டு ஜெனரேற்றர்களுடன் சொந்தக் கடை வைத்திருக்கிறான், அடுத்த வைகாசிக்குப் பெரிய மேடை ஒன்றையும் ஏற்றிருக்கிறான். மார்கழியில் நீ வரும்போது, கையில் பிடித்துக் காற்றை அளக்கும் அந்தச் சின்ன மீற்றரில் ஒன்றை அவனுக்காக வாங்கிவா. புதியதாக இருக்கவேண்டும் என்றில்லை, நீ பாவித்ததே போதும். அன்று எத்தனை காட்டியபோது மேடையிலிருந்து எல்லோரையும் இறக்கினாய் என்பதை மட்டும் மறக்காமல் எழுது. அவனுடைய மேடையைக் கட்டுபவர் தரும் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்ததை மீற்றரின் முதுகில் எழுதி ஒட்டப்போகிறோம்.

அன்புடன்,
அப்பா